பட்டியலில் காணாமல் போன கார்டு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். துவைத்துப் பிழிந்து அரை ஈரத்தோடு வருகிற விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுப்பாள். மறுபக்கம் தகடு மாதிரி வந்து விழுவதை மடித்து வார்டுவாரியாக அடுக்குவாள். இடையிடையே நோயாளிகளின் அங்கிகளில் பிய்ந்துபோன பிரஸ் பட்டன்களைத் தைத்து வைப்பதும் அவள் பொறுப்பு. காலையில் உள்ளே நுழைந்தால் நீராவியிலும் இரைச்சலிலும் மாலைவரை நிற்க வேண்டும். அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் காதில் விழாது.

வீட்டில் அவளை வெறும் அக்கா என்று கூப்பிட ஒரே ஓர் ஆள் இருந்தான். அவள் தம்பி.

தம்பி டெலிபோன் லைன்மேனாக இருந்தவன். கம்பம் ஏறுவதில் குரங்கு என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். முப்பது வயது ஆகும் முன்பே ஒரு கம்பத்திலிருந்து விழுந்தான். கழுத்து எலும்பு நொறுங்கியது. கழுத்துக்குக் கீழே எல்லாம் அன்றோடு நின்றுபோயிற்று. தலையைத் திருப்பலாம், பேசலாம், சாப்பிடலாம். அதற்கு மேல் எதற்கும் இன்னொருவர் கை வேண்டும். அம்மா இருந்தவரை அம்மாவின் கை. அம்மா போன பிறகு அக்காவின் கை. அவளுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் இந்த வீட்டு வாசலைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. குறைப்பட நேரமும் இருந்ததில்லை.

வீடு கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் தம்பியின் கட்டில். அவனோடு லைனில் வேலை பார்த்தவர்கள் பழைய இரும்புக் குழாய்களை வளைத்து, கட்டிலோடு சேர்த்து ஒரு தாங்கி செய்து கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு லேப்டாப் அவன் முகத்துக்கு நேராக நிற்கும். ஏதோ அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய மெஷின். அதில் முதலில் இருந்த விண்டோஸ் மூச்சு வாங்கியது. ஒரு நண்பன் அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். கூடவே, இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக அமுக்கினால் போதும் என்பதுபோல மாற்றியும் வைத்தான். நுனியில் ரப்பர் வைத்த ஒரு குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு தம்பி எழுத்து எழுத்தாகத் தட்டுவான். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இணையம் மாடிவீட்டிலிருந்து வந்தது. மாடிவீட்டம்மா பகலில் இரண்டு தடவை கீழே வந்து தம்பிக்குத் தண்ணீர் கொடுத்து, சாப்பாடு ஊட்டி, அக்கா சொல்லிவைத்தபடி அவனை ஒருபக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். அவர் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டையும் அவரே கொடுத்திருந்தார். "காத்துல வர்றதுதானே, எனக்கென்ன குறைஞ்சா போகுது" என்பார்.

"கம்பியில தொங்கினப்ப விழுந்தேன். இப்ப கம்பியே இல்லாம தொங்கிக்கிட்டிருக்கேன்" என்று தம்பி ஒரு தடவை சொன்னான். மாடிவீட்டம்மா சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மெஷினில் அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் தங்கள் கஷ்டங்களை எழுதிக் கேட்கிற ஒரு தளம் இருந்தது. தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். தம்பி அங்கே வைஃபை விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறவன். எந்தெந்த நாட்டிலிருந்தோ கேட்பார்கள். வைஃபை பிடிக்கவில்லை, பிடித்தால் நிற்கவில்லை, நேற்றுவரை இருந்தது இன்று இல்லை. இவன் குச்சியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகக் கழித்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வான். கம்பத்தில் ஏறி எந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று தேடினவனுக்கு இதுவும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், அங்கே யாருக்கும் இவன் படுத்த படுக்கை என்று தெரியாது.

அக்கா வேலை முடிந்து வரும்போது அவன் கண் திரையிலேயே இருக்கும். "வந்துட்டியா" என்பான். குச்சி வாயில் இருந்தால் அதுவும் கிடையாது, ஒரு முனகல்தான். அவள் துடைத்துவிட்டு, உடை மாற்றி, புண் வந்திருக்கிறதா என்று முதுகைப் பார்த்து, சாப்பாடு ஊட்டுவாள். அவன் மெல்லும்போதும் பார்வை எழுத்துகள் மேலேயே இருக்கும். வேலையிடத்தில் இரைச்சல், வீட்டில் இந்தக் கொத்தல் சத்தம். நாள் முழுவதும் ஒரு மனுஷரோடும் வாய்விட்டுப் பேசாமல் படுத்து எழுந்த நாட்கள் அவளுக்கு ஏராளம்.

அப்படிப்பட்ட ஒரு நாள் மாலை அவள் கதவைத் திறந்தபோது கொத்தல் சத்தம் இல்லை. தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியில் கை வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நெட் போயிடுச்சு."

"மாடியில கரண்ட் இல்லையோ?"

"மாடியில எல்லாம் நல்லா இருக்கு, கேட்டுட்டேன். கோளாறு இங்கதான். காலையில மெஷின் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்திருச்சு. அதுலேர்ந்து இல்ல."

"டிரைவர் டிரைவர்னு ஏதோ சொல்லுவியே, அதுவா?"

"அதுன்னா நானே பாத்துப்பேன். வண்டி இருக்கு, ஓட்ட ஆள் இல்லன்னா ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கலாம். இங்க வண்டியே காணோம்." அவன் கண்ணால் திரையைக் காட்டினான். "உள்ள என்னென்ன பாகம் இருக்குன்னு மெஷினையே பட்டியல் போடச் சொன்னேன். எல்லாம் வருது. வைஃபை கார்டு மட்டும் பட்டியல்லயே இல்ல. அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு. பட்டனை ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி மாடிவீட்டம்மாவையும் படுத்தி எடுத்துட்டேன். அடியில மூடியைக் கழட்டி, கார்டை எடுத்து, தொடச்சு, திரும்பச் செருகணும். கை வேணும்."

"கடையில குடுத்துடலாமா?"

"கடைக்காரன் முதல் வேலையா இருக்கறதையெல்லாம் அழிச்சிட்டு வேற ஒண்ணைப் போட்டுக் குடுப்பான். நீ செய்யேன். நான் சொல்றேன்."

அவள் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். எறும்புத் தலை மாதிரி திருகுகள். வீட்டில் இருந்த ஒரே திருப்புளி சமையல் அடுப்பைக் கழற்றத்தான் ஆகும். "லீவு நாள்ல பாத்துக்கலாம்டா" என்றாள். அவன் சரி என்றான்.

அன்று சாப்பாடு ஊட்டும்போது அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வேறு எதைப் பார்ப்பது? பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் கீழ ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" என்று கேட்டான். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்து வருஷக்கணக்காயிற்று. அவள் அடுத்த கவளத்தை ஊட்டினாள். ஆனால் உள்ளே ஏதோ இளகிற்று.

மறுநாள் அவன் சலவைக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். அந்த உருளை எவ்வளவு சூடு, கை மாட்டினால் என்ன ஆகும், யார் நிறுத்துவார்கள். அவள் சொன்னாள். புது மேற்பார்வையாளர் தும்மினாலும் அறிக்கை எழுதுகிறவர் என்று சொன்னாள். தம்பி அவரைப் பார்த்ததேயில்லை. இருந்தும் அவர் நடப்பது எப்படி இருக்கும் என்று கழுத்தை மட்டும் ஆட்டிக் காட்டினான். அச்சு அசலாக அப்படியே இருந்தது. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. மேலே மாடிவீட்டம்மா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் நின்றது. இந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வருவது அவருக்கே புதுசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அக்கா வேலை முடிந்ததும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று வழி நெடுக மனசுக்குள் சேர்த்துக்கொண்டே வருவாள். விரிப்புக்குள் சுருண்டு வந்த ஒரு பல்செட், லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெரிய டாக்டர், பிரசவ வார்டிலிருந்து வரும் துணிக்கு மட்டும் ஒரு தனி வாசனை என்று எதையாவது. தம்பி காது கொடுத்துக் கேட்டான். அவனும் பேசினான். அம்மாவைப் பற்றி. கம்பங்களைப் பற்றி. உச்சியில் நின்றால் யார் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்று ஊர் பூராவும் தெரியும் என்பதைப் பற்றி.

ஒரு மாலை அவன் கேட்காமலே விழுந்த கதையைச் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"காத்து அடிச்சுது, கம்பம் வழுக்குச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஒண்ணும் இல்லக்கா. நல்ல வெயில். கம்பத்தோட கட்டியிருக்கற பெல்ட்டைக் கழட்டி மறுபக்கம் மாட்டணும். எல்லாரும் அப்படித்தான் செய்வோம், ஒரு நொடி வேலை. அப்ப கீழேர்ந்து ஒரு பெரியவர், 'தம்பி, எங்க வீட்டு லைன் எப்ப வரும்'னு கேட்டாரு. நான் திரும்பி, 'இன்னிக்கே வந்துடும் ஐயா'ன்னு சொன்னேன்."

அவள் காத்திருந்தாள்.

"அவ்வளவுதான். பதில் சொல்லிக்கிட்டே விழுந்தேன்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அது தெரியாது. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

லீவு நாள் வந்தது. சின்னத் திருப்புளி இல்லை என்றாள். உண்மையாகவே இல்லை. சலவைக்கூடத்தின் மெக்கானிக்கிடம் தையல் மெஷினுக்கென்று ஒரு சின்னத் திருப்புளி இருப்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் உடனே கொடுப்பார். வேலை மும்முரத்தில் மறந்துபோயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் கேட்டாள். மெக்கானிக் துணியில் துடைத்துக் கையில் கொடுத்தார். "அவசரமில்ல, இருக்கட்டும்" என்றார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டாள். வீட்டுக்கு வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். அன்று தம்பி ஏதோ பழைய வேடிக்கை ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தான். திருப்புளி பைக்குள்ளேயே தங்கிவிட்டது.

பிறகு ஒவ்வொரு மாலையும் பையை மாட்டும்போது அதன் கனம் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு சின்ன இரும்புக்கு அவ்வளவு கனம் ஏது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பாள். தம்பியும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கே ஆசை விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கறுத்துக் கிடந்த திரை ஜன்னல் வெளிச்சத்தில் அவர்கள் இரண்டு பேரையும் மங்கலாகக் காட்டிக்கொண்டிருந்தது.

மழை பெய்த ஒரு மாலை. ஊட்டிய சோற்றை அவன் பாதியிலேயே போதும் என்றான். முகம் சரியில்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சாப்பிடு."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சொன்னான். "ஒருத்தரைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்க்கா."

"யாரை?"

"ஒரு டீச்சரம்மா. எந்த ஊருன்னு தெரியாது. மலைமேல ஏதோ பள்ளிக்கூடம். மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ஒரு லேப்டாப். அதுல வைஃபை வந்து வந்து போகுதுன்னு எழுதியிருந்தாங்க. பிள்ளைங்களுக்குப் பாடம் இறக்கறதுக்குள்ள அறுந்துடுதாம். நான் பாத்தேன். டிரைவர் தப்பானது. அதைத் தூக்கிட்டு வேற போடணும். தூக்கச் சொன்னேன். அவங்களும் தூக்கிட்டாங்க. கீழ டவுனுக்கு வந்து, 'ஆச்சு, அடுத்து என்ன'ன்னு கேட்டாங்க. காலையில எழுதறேன்னு சொன்னேன். காலையில இது போயிடுச்சு."

அக்காவுக்கு முதலில் சரியாகப் பிடிபடவில்லை. "அப்ப அவங்களுக்கு இப்ப...?"

"இப்ப ஒண்ணுமே இருக்காது. வந்து வந்து போயிட்டிருந்ததாவது இருந்துச்சு. அந்தக் கொஞ்சநஞ்சத்தையும் நான்தான் பிடுங்கி வெச்சிருக்கேன்."

"வேற யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அவங்க எதைக் கேப்பாங்க?"

"எங்க மெக்கானிக் போன்ல எழுதச் சொல்லட்டுமா? நீ சொல்லு, நான் போய்ச் சொல்றேன்."

"ஒரு எழுத்து மாறினா அவங்க மெஷினே எழுந்திரிக்காது. நான் பாத்து எழுதணும், அவங்க என்ன வருதுன்னு சொல்லணும், அப்புறம் அடுத்தது. கம்பத்து மேல ஏறாம கீழ நின்னுக்கிட்டு லைன் இழுக்க முடியுமா?"

அக்கா எழுந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து பையை எடுத்து, அதற்குள்ளிருந்து திருப்புளியை எடுத்து, அவன் பார்க்கும்படி மெத்தைமேல் வைத்தாள்.

தம்பி அதைப் பார்த்தான்.

"எத்தனை நாளா பையில இருக்கு?"

"கொஞ்ச நாளா."

கோபித்துக்கொள்வான் என்று நின்றாள். கோபித்தால் தேவலை என்றிருந்தது. அவன் கோபிக்கவில்லை.

"நீ சந்தோஷமா இருந்தே. எனக்கும் தெரிஞ்சுது. அதான் நானும் திரும்பக் கேக்கல" என்றான். "தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். உக்காரு. முதல்ல பேட்டரியைக் கழட்டு."

அவள் லேப்டாப்பைத் தாங்கியிலிருந்து இறக்கி, அவன் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மடித்த விரிப்பின்மேல் குப்புறப் போட்டாள். தம்பி தலையை ஒருக்களித்துப் பார்த்தான். பேட்டரி சுலபமாக வந்தது. திருகுகளை எந்த இடத்திலிருந்து எடுத்தாளோ அதே வரிசையில் ஒரு கிண்ணத்தைச் சுற்றி அடுக்கச் சொன்னான். மூடியைத் தூக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒடஞ்சிடுச்சு."

"ஒடையல. அது கொக்கி விடற சத்தம். தூக்கு."

உள்ளே தூசி, பஞ்சு மாதிரி. அதன் நடுவே தபால்தலை அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. அதன் தலையில் ஒரு கறுப்பு ஒயரும் ஒரு வெள்ளை ஒயரும் குட்டிப் பொட்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுதானா? இவ்வளவூண்டா?"

"இவ்வளவூண்டுதான். அந்த ரெண்டு ஒயரையும் வெடுக்குன்னு பிடுங்காதே. நேரா மேல தூக்கி எடு."

"பிரஸ் பட்டன்" என்றாள் அவள். அங்கிகளில் தைக்கிற அதே மாதிரிதான், நூறில் ஒரு பங்கு அளவு. நகத்தை அடியில் கொடுத்து நெம்பினாள். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டன. பிடித்திருந்த ஒற்றைத் திருகையும் எடுத்ததும் தகடு தானாகவே சாய்வாக எழும்பிக்கொண்டது. இழுத்தாள், வந்துவிட்டது. விளிம்பில் இருந்த தங்க நிறப் பட்டைகள் மங்கிப்போயிருந்தன. அழிரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னான். தேய்த்தாள். ஊதச் சொல்லவில்லை, ஆனாலும் ஊதப் போனாள். "எச்சில் படும்" என்று அதட்டினான். துணியால் துடைத்தாள்.

திரும்பச் செருகி, மூடியை வைத்து, பேட்டரி போட்டு, லேப்டாப்பைத் தாங்கியில் ஏற்றினாள். தம்பியின் வாயில் குச்சியைக் கொடுத்தாள். அவன் பட்டியல் போடும் கட்டளையைத் தட்டினான். வரிகள் விழுந்தன. அவன் கண் மேலிருந்து கீழாகப் போயிற்று. பிறகு குச்சி அசையாமல் நின்றது.

"இல்லையா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நான் கெடுத்துட்டேன்."

குச்சியைத் துப்பிவிட்டுச் சொன்னான். "ஏற்கெனவே கெட்டுப்போனதை நீ என்ன புதுசா கெடுக்கப்போறே? திரும்பக் கழட்டு. செருகும்போது படுக்க வெச்சுச் செருகினியா, சாய்ச்சு வெச்சுச் செருகினியா?"

"படுக்க வெச்சு."

"எழும்பி நின்ன மாதிரியே சாய்ச்சு உள்ள தள்ளணும். தங்கம் வெளிய தெரியக் கூடாது. அப்புறம் படுக்க வை."

இரண்டாவது தடவை சீக்கிரமே கழற்றினாள். சாய்த்துத் தள்ளியபோது ஏதோ ஒன்று இடம் கண்டுகொண்ட மாதிரி உள்ளே போவது விரலுக்கே தெரிந்தது. லேப்டாப் எழுந்தது. பட்டியல் வந்தது. கடைசிக்கு முந்தைய வரியில் அவன் குச்சி போய் நின்றது. அவள் குனிந்து, எழுத்துக்கூட்டி, அதில் 'வயர்லெஸ்' என்ற சொல் இருப்பதைப் படித்தாள். தன் பெயரைப் பத்திரிகையில் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் நெட் வரவில்லை. கார்டு இருக்கிறது, டிரைவரும் ஏறியிருக்கிறது, காற்றில் மட்டும் எதுவும் பிடிபடவில்லை. தெருவில் இத்தனை வீடு இருக்க ஒரு வீட்டு வைஃபைகூடத் தெரியவில்லை.

"காது அடைச்சிருக்கு" என்றான். "அந்த ரெண்டு ஒயர்தான் அதுக்குக் காது. சரியா மாட்டலை."

மூன்றாவது தடவை. இந்தத் தடவை அவனைக் கேட்கவில்லை. பட்டன் உட்காரும்போது ஒரு சின்ன அதிர்வு வரும், வராவிட்டால் உட்காரவில்லை. அது அவள் தினமும் செய்கிற வேலை. வெள்ளை உட்கார்ந்திருந்தது. கறுப்பு வெறுமனே மேலே படுத்துக்கிடந்தது. பேனாவின் பின்பக்கத்தால் நேராக வைத்து அமுக்கினாள். அதிர்ந்தது.

மாடிவீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தபோது அவள்தான் முதலில் பார்த்தாள். "வந்துடுச்சுடா" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஒரு துணியை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். வியர்வையும் இருந்தது.

டீச்சரம்மா பல தடவை எழுதியிருந்தார். முதலில் 'காத்திருக்கிறேன்' என்று. பிறகு வேறு யாரோ சொன்னதைச் செய்து பார்த்ததாகவும் சரியாகவில்லை என்றும். ஒவ்வொரு தடவையும் பேருந்து ஏறிக் கீழே டவுனுக்கு வந்துதான் எழுதுவதாக ஒன்று. கடைசியில் ஒன்று. 'இவ்வளவு பொறுமையாகச் சொன்னவர் சும்மா விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார். உங்களுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. நலமாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். லேப்டாப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.'

தம்பி அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னான்.

"உன் நிலைமையை எழுதிடேன்" என்றாள் அக்கா. "படுத்திருக்கேன், கை அசையாதுன்னு. அவங்களும் புரிஞ்சுப்பாங்க."

"புரிஞ்சுப்பாங்க. அப்புறம் என்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க. நலமா நலமான்னுதான் கேப்பாங்க." குச்சிக்காக வாயைத் திறந்தான். அவள் கொடுத்தாள். என் மெஷின் பழுதாகிவிட்டது, உங்களைக் காக்கவைத்ததற்கு மன்னியுங்கள் என்று எழுதினான். கீழே அடுத்த படியை எழுதினான். டவுனிலிருந்தே இறக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டிய கோப்பு எது, மேலே போனதும் எதை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தான். அனுப்புவதற்கு முன் அவளையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னான். அர்த்தம் தெரியாமலே அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

அவள் பயந்தது போலவே மறுநாளிலிருந்து கொத்தல் சத்தம் திரும்பி வந்தது. அன்று அவள் தட்டை அலம்பிக்கொண்டே சமையலறையில் கொஞ்சம் அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவனால் எழுந்து வர முடியாது.

ஆனால் எல்லாமே பழையபடி ஆகிவிடவில்லை. சில நாள் கழித்து, அவள் கதவைத் திறந்ததும் அவன் குச்சியைத் துப்பிவிட்டு, "டீச்சரம்மாவுக்கு வந்துடுச்சுக்கா" என்றான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். அதற்குப் பிறகு யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்வது வழக்கமாயிற்று. மீன்பிடிப் படகில் லேப்டாப் வைத்திருக்கிற ஒருவர். கோபம் தாங்காமல் மெஷினைக் குத்திவிட்டு, பிறகு வைஃபை வரவில்லை என்று எழுதின ஒரு மாணவன். இரண்டு மனைவியருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து மாட்டிக்கொண்ட ஓர் ஆள். அவரைப் பற்றி அக்கா தினமும் விசாரிப்பாள். திரை மூடியிருக்கும் நேரம் என்று ஒன்றை அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு வந்தால் அவன் குச்சியைத் துப்பினான், அவ்வளவுதான். சில நாள் மறந்தும்போனான்.

அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் தாங்கினான். அவன் மாதிரி படுத்திருப்பவர்களுக்கு எமன் மார்பு வழியாகத்தான் வருவான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சளி கட்டிக்கொண்டது. இருமித் தள்ள மார்புக்கு வலுவில்லை. அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். கடைசி நாட்களில் முகத்தில் சுவாசக் கருவி மாட்டியிருந்ததால் பேச்சும் இல்லை, குச்சியும் இல்லை. அவள் வேலைக்கு நடுவே மேலே ஓடி வருவாள், நிற்பாள், அவன் பார்ப்பான், கீழே ஓடுவாள். ஒரு காலையில் அவள் மேலே வரும் முன்பே முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய பின் ஒருநாள் அந்த வார்டின் துணி வந்தது. அவன் படுத்திருந்த விரிப்பு அதில் இருந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. எல்லா விரிப்பும் ஒரே வெள்ளை. மெக்கானிக் அருகில் வந்து, "இன்னிக்கு வேற யாராவது பாக்கட்டுமேம்மா" என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒவ்வொன்றாக உருளைக்குள் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி மடித்தாள். மாலைவரை நின்று முழுவதையும் முடித்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த லீவு நாளில் லேப்டாப்பைத் தாங்கியிலிருந்து இறக்கி மேஜையில் வைத்துத் திறந்தாள். அந்தத் தளத்தில் அவன் பெயருக்குக் கீழே கேள்விகள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் எதற்கும் அவளுக்குப் பதில் தெரியாது. ஆனால் யாரையும் காக்கவைத்துவிட்டுப் போவது அவனுக்குப் பிடிக்காது என்பது தெரியும். தெரிந்த இங்கிலீஷில், ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். காலை முழுக்க ஆயிற்று. இவர் இறந்துவிட்டார், இனிமேல் இங்கே பதில் வராது, தயவுசெய்து வேறு யாரிடமாவது கேளுங்கள், உங்கள் மெஷின் சரியாகட்டும். எழுதியது யார் என்று தெரிய வேண்டுமே என்று கடைசியில் 'அக்கா' என்பதற்கு இங்கிலீஷ்காரன் என்ன சொல்வானோ அதைப் போட்டாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். அனுப்பினாள்.

திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு எழுந்து, மெத்தையை வெயிலில் போடுவதற்காகச் சுருட்டினாள். தனியாகத் தூக்க முடியவில்லை. மாடிப்படியின் கீழே நின்று மாடிவீட்டம்மாவைக் கூப்பிட்டாள்.